மனநோயாளியின் அருகில் நிற்க நம் பிள்ளைகளை அனுப்புவோமா?

ஏக இறைவனின் திருப்பெயரால்...



சென்ற மாதம் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் பள்ளிவாசலின் ஹவ்ளு அருகே எனக்காகக் காத்து நின்றார். கீழ்ப்பழனி மலையில் நாங்கள் வாழும் சிற்றூரில் காப்பிக் கொட்டையும் மிளகும் வாங்கி விற்கிறவர் அவர். அவருடைய மகள் என்னிடம் அரபு எழுத்துகளில் தொடங்கிக் குர்ஆன் முழுவதையும் ஓதி முடித்தவள். சமவெளிக்குச் சென்று நான்கு ஆண்டுகள் பி.எஸ்ஸி. நர்சிங் படித்து, செவிலியராகப் பதிவும் செய்துகொண்டு ஊர் திரும்பியிருக்கிறாள். அவளுக்கு இரண்டு இடங்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. ஒன்று, தனியார் பொது மருத்துவமனை ஒன்றின் வார்டு. மற்றொன்று, மனநோயாளிகளுக்கான மருத்துவமனை. பிள்ளை இரண்டாவதற்குச் செல்லவே விரும்புகிறாள். வீட்டில் ஒருவருக்கும் மனமில்லை.

“ஹஜ்ரத், நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா. மொத ரெண்டு வருசம் சாதாரண ஆஸ்பத்திரியில ஊசி, மருந்து, குளுக்கோசுன்னு வேலை பழகட்டும். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில வேலைன்னு சொன்னா நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன பேசுவாங்க?” என்றார்.

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் மௌனத்தை அவர் வேறு விதமாக விளங்கிக்கொண்டார் போலும். சற்று நேரம் கழித்து, “உங்க மகளா இருந்தா அனுப்புவீங்களா ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

என் மகள் இப்போது 11ஆம் வகுப்பில் படிக்கிறாள். அவளுக்கும் செவிலியர் படிப்பில் நாட்டம் உண்டு. அந்தக் கேள்விக்கு அன்றிரவு என்னிடம் பதில் இருக்கவில்லை. “விசாரிச்சுட்டுச் சொல்றேண்ணே” என்று மட்டும் கூறி அனுப்பிவைத்தேன். மருத்துவம் எனக்குத் தெரிந்த துறை அன்று. ஆகவே அப்பிள்ளையிடமும், செவிலியர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவரிடமும் கேட்டு, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வாசித்த பின்னரே இதனை எழுதுகிறேன். நம் வீடுகளில் பலரும் இன்று இதே கேள்வியின் முன் நிற்கிறார்கள்.

இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துள்ளன

அச்சகோதரர் கேட்டதை ஆராய்ந்து பார்த்தால் அதில் இரண்டு கேள்விகள் இருப்பது புலப்படும். புதிதாகத் தொழிலுக்கு வரும் செவிலியர் எங்கே தொடங்கினால் நன்றாகத் தேறுவார் என்பது முதல் கேள்வி. மனநோயாளிகளோடு பணியாற்றுவது குடும்பத்திற்கு இழுக்கா என்பது இரண்டாவது. முதலாவது நேர்மையான கேள்வி. அதற்கு இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டாவதற்கு மார்க்கத்தில் எந்த அடிப்படையும் இல்லை. நாம் செய்யும் தவறு, இரண்டாவது கேள்வியை வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டு, முதல் கேள்வியின் பின்னால் அதனை ஒளித்துவைப்பதுதான். “வேலை பழகட்டும்” என்று சொல்கிறோம். நம் உள்ளத்தில் இருப்பதோ “ஊர் என்ன சொல்லும்” என்பதே.

முதல் கேள்வி: எங்கே தொடங்குவது?

பொது மருத்துவத்தில் தொடங்குவதற்கான நியாயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்காண்டு பட்டப்படிப்பிலும், மூன்றாண்டு ஜி.என்.எம். படிப்பிலும் மனநலச் செவிலியம் ஒரு பாடமாக இருக்கிறது. ஆயினும் மனநல வார்டில் மாணவியர் நிற்கும் காலம் சில வாரங்களே. பெரும்பகுதிப் பயிற்சி உடல்நோய் வார்டுகளில்தான். கல்லூரியில் கற்றவற்றைக் கையில் நிலைநிறுத்த ஓராண்டாவது வேண்டும் என்று அனுபவமுள்ள செவிலியர் பலர் கூறுகின்றனர். நரம்பைக் கண்டறிந்து ஊசி ஏற்றுவது, மூச்சுத் திணறும் நோயாளியைக் கண்டவுடன் முதலில் என்ன செய்வது என்று முடிவெடுப்பது, இரத்த அழுத்தம் வீழ்வதை மருத்துவர் வருவதற்கு முன்பே உணர்வது ஆகியவை செய்து செய்துதான் படியும். வளைகுடா நாடுகளுக்குச் செல்ல நினைப்போரிடம், விண்ணப்பிக்கும் பிரிவில் ஈராண்டு அனுபவம் கேட்பதும் வழக்கம். மனநல மருத்துவமனையில் பெற்ற அனுபவத்தைக் காட்டி அறுவைசிகிச்சை வார்டு வேலைக்கு விண்ணப்பிப்பது எளிதன்று. இவையெல்லாம் பொய்யான காரணங்கள் அல்ல.

இனி மறுபக்கம். மனநல வார்டில் ‘வேலை மறந்துவிடும்’ என்பது, அங்கே வேலையே இல்லை என்று எண்ணுவோரின் பேச்சு. அங்குள்ள நோயாளிகளுக்கும் உடல் இருக்கிறது. கடும் மனநோய் உள்ளோர் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவற்றில் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் இதயநோய் போன்ற உடல்நோய்கள். மனநோய்க்கான மருந்துகளில் சில உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டும். குளோசபின் என்ற மருந்து கொடுக்கும்போது இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். லித்தியம் என்ற மருந்தின் அளவு இரத்தத்தில் சற்றுக் கூடினாலே நஞ்சாகிவிடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் ஆகிய அறிகுறிகளை முதலில் காண்பவர் உடனிருக்கும் செவிலியரே. ஆகவே கூர்ந்து கவனிக்கும் செவிலியர் அங்கே எதனையும் மறக்க இயலாது.

பொது மருத்துவமனைக்கு வருவோரின் நிலையையும் பாருங்கள். அவர்கள் தம் மனதை வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லை. அந்த ஆசிரியை சொன்ன ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். தோட்டத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்த தொழிலாளி ஒருவரைக் கட்டுப்போட்டுப் படுக்கவைக்கிறார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் உடல் நடுங்கி வியர்க்கிறார். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லிக் கட்டிலிலிருந்து இறங்கி ஓட முயல்கிறார். உறவினர்கள் பேய் என்கிறார்கள். பயிற்சியுள்ள செவிலியர் மட்டும், ‘இவர் நாள்தோறும் மது அருந்துபவரா?’ என்று கேட்கிறார். குடியைத் திடீரென நிறுத்தியதால் இரண்டு மூன்று நாட்களில் வரும் அந்தக் குழப்பநிலை உயிரையும் பறிக்கக்கூடியது. சிகிச்சையால் காப்பாற்றக்கூடியது. பிள்ளை பெற்ற சில நாட்களில் உறக்கமின்றிப் பிதற்றத் தொடங்கும் தாயும், பூச்சிமருந்து குடித்துக் காப்பாற்றப்பட்டபின் சுவரை நோக்கித் திரும்பிப் படுத்திருக்கும் இளைஞனும் பொது வார்டில்தான் இருக்கிறார்கள்.

சட்டமும் இந்த இரண்டையும் பிரிக்கவில்லை. பிரிட்டனில் செவிலியம் படிக்கச் சேரும்போதே பெரியவர், குழந்தை, மனநலம், கற்றல் குறைபாடு என்னும் பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் அவ்வாறன்று. இங்கே அடிப்படைப் பதிவு அனைவருக்கும் ஒன்றே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பொதுச் செவிலியத்தில் பட்டமோ பட்டயமோ பெற்று மாநிலக் கவுன்சிலில் பதிந்தவரையும் மனநலச் செவிலியர் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஆகவே மனநலத்தில் தொடங்கியவர் பின்னர் பொதுப்பிரிவுக்கு வரவும், பொதுப்பிரிவில் தொடங்கியவர் மனநலத்திற்குச் செல்லவும் வழி திறந்தே இருக்கிறது. மேலும் கற்க விரும்புவோருக்கு மனநலச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயமும் ஈராண்டு முதுநிலைப் பட்டமும் உள்ளன. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் அவற்றைப் படிக்கலாம்.

எனவே முதல் கேள்விக்கு என் கருத்து இதுதான். மனநலத்தில் நாட்டம் உறுதியாக இருக்கும் பிள்ளை நேரே அங்கே தொடங்கலாம். சேரும் இடம் எப்படிப்பட்டது என்பதுதான் முக்கியம். முதல் மாதங்களில் மூத்த செவிலியர் ஒருவர் உடனிருந்து கற்றுத்தருவாரா? இரவுப் பணியில் தனித்து விடுவார்களா? நோயாளிக்கு உடல்நிலை மோசமானால் அழைப்பதற்கு மருத்துவர் உண்டா? ஆவேசப்படும் நோயாளியைச் சொல்லாலேயே அமைதிப்படுத்தும் பயிற்சி அளிக்கிறார்களா? இந்த நான்கிற்கும் தெளிவான பதில் கிடைக்காத இடத்திற்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அது பொது மருத்துவமனையாக இருந்தாலும் அப்படித்தான். ஐம்பது நோயாளிகளை ஒரு புதிய செவிலியரின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகும் வார்டு, எவருக்கும் எதனையும் கற்றுத்தராது.

நாட்டம் உறுதிப்படாத பிள்ளை ஓராண்டு பொதுப்பிரிவில் இருந்து பார்ப்பது நல்லதே. ஆனால் “ரெண்டு வருசம் போகட்டும்” என்பது, அவள் ஆசை தானாகவே அடங்கிவிடும் என்ற கணக்கில் சொல்லப்படுமானால் அது அறிவுரை ஆகாது. பிள்ளையிடம் சொல்லும் பொய் வாக்குறுதி அது.

இரண்டாவது கேள்வி: இது இழுக்கா?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். மதீனாவில் அறிவில் சற்றுக் குழப்பமுள்ள ஒரு பெண்மணி இருந்தார். அவர் ஒருநாள் நபியவர்களிடம் வந்து, தமக்கு அவர்களிடம் ஒரு தேவை இருப்பதாகக் கூறினார். நபியவர்கள் அவரை விரட்டவில்லை. எவரிடமும் ஒப்படைத்து அனுப்பவுமில்லை. கண்ணியமான பெண்ணை அழைக்கும் முறைப்படி அவருடைய பிள்ளையின் பெயரால் அவரை விளித்து, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அதனை அவரே தேர்ந்துகொள்ளட்டும் என்றார்கள். பின்னர் மக்கள் நடமாடும் வழியோரத்தில் அவருடன் ஒதுங்கி நின்று, அவர் தேவை முடியும் வரை செவிசாய்த்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. ஓர் உம்மத்தின் தலைவர் தம் நேரத்தை மனம் குழம்பிய ஒரு பெண்ணுக்குத் தருகிறார். எங்கே நிற்பது என்ற உரிமையையும் அவரிடமே விடுகிறார். மனநலச் செவிலியருக்கு இன்று முதல் பாடமாகச் சொல்லித்தரப்படுவதும் ஏறக்குறைய இதுவே: நோயாளியை மதித்து அழை, அவசரப்படாதே, அவர் சொல்வதைக் கேள்.

வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண்மணி நபியவர்களிடம் துஆ கேட்டு வந்த செய்தியும் நாம் அறிந்ததே. வலிப்பு வரும்போது தம் ஆடை விலகிவிடுகிறதே என்பதுதான் அவருடைய பெரிய கவலை. நபியவர்கள் அதற்காகத் துஆ செய்தார்கள். நோய் ஒரு மனிதரின் கண்ணியத்தைக் குறைப்பதில்லை என்பதும், நோயுற்ற வேளையிலும் அக்கண்ணியத்தைக் காக்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பதும் இதில் அடங்கியுள்ளன. தன்னிலை மறக்கும் ஒரு பெண்ணின் மேலாடையைச் சரிசெய்து மூடிவிடும் கைகள் ஒரு செவிலியரின் கைகளாக இருந்தால், அதனை இழுக்கு என்று எப்படிச் சொல்வோம்?

அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களைப் பராமரிக்க நபியவர்கள் ஒப்படைத்தது ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியிடம். நமக்கு முன் சென்றோர் இவ்வழியில் வெகுதூரம் நடந்தார்கள். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (இறப்பு 934) உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தார். கவலை, அச்சம், கோபம், விடாது துரத்தும் தீய எண்ணங்கள் ஆகியவற்றைச் சிகிச்சைக்குரியவையாகக் கண்டார். 1354இல் அலெப்போ நகரில் எழுந்த அர்கூன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென நீரூற்றுகளுடன் கூடிய முற்றங்கள் இருந்தன. 1488இல் எதிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் எழுப்பிய மருத்துவமனையில் நீரின் ஓசையையும் இசையையும் கொண்டு அவர்களை அமைதிப்படுத்தினார்கள்.

ஏர்வாடி நமக்குச் சொல்வது

இத்தகைய பாரம்பரியத்தைப் பெருமையாகப் பேசும் நாம், நம் மாநிலத்தில் நடந்த ஒன்றையும் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் 95ஆம் பிரிவில், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை விதிக்கிறது.

தர்கா பற்றிய கருத்து வேறுபாட்டை நான் இங்கே பேச வரவில்லை. அங்கே தம் பிள்ளைகளை விட்டுச் சென்ற குடும்பங்களில் எல்லா மதத்தினரும் இருந்தனர். வேறு வழி தெரியாதவர்களாகவும், களைத்துப் போனவர்களாகவும் அவர்கள் இருந்தார்கள். நான் கேட்பது இது ஒன்றைத்தான். அந்தக் கொட்டகையில் இரவில் விழித்திருக்க, பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் இருந்திருந்தால் அந்தச் சங்கிலிகள் அங்கே இருந்திருக்குமா? அவரை அனுப்பிவைக்க அன்று எத்தனை குடும்பங்கள் முன்வந்திருக்கும்?

என் பங்கு

மற்றவர்களைக் கேட்கும் நான் என்னையும் கேட்டாக வேண்டும். வேலைக்கு அனுமதி கேட்டு நிற்கும் அந்தப் பிள்ளையின் சின்னத்தா, அதாவது அச்சகோதரரின் தம்பி, 12 ஆண்டுகளுக்கு முன் நோயுற்றார். அப்போது அவருக்கு 22 வயது. உறக்கம் போயிற்று. யாரோ தம்மைப் பற்றிப் பேசுவதாகக் கூறிக் காதைப் பொத்திக்கொள்வார். வீட்டார் முதலில் என்னிடம்தான் அழைத்துவந்தார்கள். நான் ஓதிப் பார்த்தேன். தண்ணீர் ஓதிக் கொடுத்தேன். கண்ணேறு என்று சொன்னேன். நாற்பது நாள் பொறுங்கள் என்றேன். பின்னர் மேலும் நாற்பது நாள் என்றேன். இப்படியே ஒன்றரை ஆண்டு சென்றது. ஒரு நாள் அவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார். நான்காம் நாள் வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்தில், அழுக்கேறிய உடையுடன் அவரைக் கண்டெடுத்தார்கள். அதன் பிறகே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர்.

இத்தகைய நோய்க்கு எவ்வளவு காலம் சிகிச்சை தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்குக் குணமடைவதும் கடினமாகிறது என்று பின்னர் அறிந்தேன். அந்த ஒன்றரை ஆண்டில் என் பங்கு இருக்கிறது. இன்று அவர் மாத்திரை உண்டு, அண்ணனுடன் கடையில் அமர்ந்து மிளகு நிறுக்கிறார். ஜும்ஆவுக்கு வருகிறார். சில நாட்களில் தனக்குள் பேசிக்கொள்ளவும் செய்கிறார். மறுமையில் அவரைப் பற்றி நான் கேட்கப்படுவேன் என்று அஞ்சுகிறேன்.

அன்று மருத்துவமனையில் வீட்டார் அனைவரையும் உட்காரவைத்து, இது யாருடைய பாவமும் அன்று, மாத்திரையை நிறுத்தாதீர்கள், இன்னின்ன அறிகுறி தெரிந்தால் அழைத்துவாருங்கள் என்று பொறுமையாக விளக்கியவர் ஒரு செவிலியர். மூலையில் நின்றிருந்த பத்து வயதுச் சிறுமியையும் அவர் அருகில் அழைத்து, “சின்னத்தாவைப் பாத்துப் பயப்படாதே, அவரு ஒன்னைத் திட்டல, அந்த நோய்தான் அவரைத் திட்டுது” என்றாராம். அச்சிறுமிதான் இப்போது மனநல மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்கிறாள். நான் அதனை அறிந்தது இம்மாதம்தான்.

ஜின், செய்வினை என்பவற்றை நாம் மறுக்கவில்லை. மறைவானவற்றை நம்புவது நம் ஈமானின் பகுதி. ஆனால் ஒருவருடைய துன்பத்திற்குக் காரணம் ஜின்தான் என்று அடித்துச் சொல்லும் ஞானம் என்னிடம் இல்லை. அல்லாஹ் இறக்கிய ஒவ்வொரு நோய்க்கும் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபிமொழி. ஓதுவதை மருந்து தடுப்பதில்லை. மருந்தை ஓதுதல் தடுக்கவும் கூடாது. இப்போதெல்லாம் என்னிடம் ஓதிப் பார்க்க வருவோரிடம், ஓதிவிட்டு, அந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள் என்றும் சொல்கிறேன். போகாவிட்டால் மறுமுறை ஓத மாட்டேன் என்கிறேன்.

மலையில் இருப்போரின் தேவை

2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்வதாகக் கண்டது. நோயின் வகையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. இது நாடு முழுவதற்குமான கணக்கு. மலையில் தூரமும் சேர்ந்துகொள்கிறது. மன்னவனூரில் இருப்பவர் முதலில் 30 கிலோமீட்டருக்கு மேல் பயணித்துக் கொடைக்கானல் வர வேண்டும். அங்கிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்க இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. அச்சத்தில் நடுங்கும் ஒருவரை அந்த வளைவுகளில் பேருந்தில் அழைத்துவந்தவர்களுக்கே அந்தத் துன்பம் தெரியும்.

கொடைக்கானல் நகரே உடல்நலம் தேடி உருவான ஊர்தான். சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பி வந்த அமெரிக்க மதபோதகர்கள் 1845இல் இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். இன்றும் மன ஆறுதல் தேடி ஆயிரக்கணக்கானோர் ஏறி வருகிறார்கள். பசுமைப் பள்ளத்தாக்கு என்று இப்போது அழைக்கப்படும் காட்சிமுனைக்கு முன்பு தற்கொலை முனை என்று பெயர் இருந்தது. பெயரை மாற்றியது நல்லதே. துயரத்தோடு வருபவரின் அருகில் அமர்ந்து பேசும் மனிதர்களையும் நாம் உருவாக்க வேண்டாமா? உங்களில் எவருக்கேனும் அத்தகைய துயரம் இருப்பின் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் டெலி மானஸ் உதவிச் சேவை அது. கட்டணமில்லை. தமிழிலும் பேசலாம்.

மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மருத்துவர்கள் முகாம் நடத்தி மருந்து தருகிறார்கள். முகாம் முடிந்து அவர்கள் இறங்கிச் சென்றபின் மாத்திரை உண்ணப்படுகிறதா என்று பார்க்க, வீட்டாரிடம் பேச, நம் பேச்சுமொழியும் வழக்கமும் அறிந்த செவிலியர் வேண்டும். நம் பெண்கள் தம் உள்ளத்தின் நோயை அந்நிய ஆணிடம் சொல்லக் கூசுகிறார்கள். அப்படியானால் அவர்களுக்குச் செவிசாய்க்கும் பெண் செவிலியரை உருவாக்குவது சமுதாயத்தின் மீது ஃபர்ளு கிஃபாயா. யாரும் செய்யாவிட்டால் நாம் அனைவரும் குற்றவாளிகள். என் பெண்ணுக்குப் பெண் செவிலியர் வேண்டும், என் பெண் மட்டும் செவிலியராகப் போகக் கூடாது என்பது நியாயமாகாது.

பாதுகாப்புப் பற்றிய அச்சம் வீணானது என்று நான் சொல்லமாட்டேன். ஆவேசப்படும் நோயாளிகள் சில வேளைகளில் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மனநோயாளிகளில் பெரும்பாலானோர் எவரையும் தாக்குவதில்லை. பிறரால் தாக்கப்படுவோரே அவர்களில் மிகுதி. முன்னர் சொன்ன நான்கு நிபந்தனைகளும் இந்த அச்சத்திற்காகவே. திருமணம் பற்றிய அச்சத்திற்கு மருத்துவமனை பொறுப்பன்று, நாம்தான் பொறுப்பு. பெண் கேட்டு வருவோரின் முன் அவள் வேலையைத் தலைகுனிந்து சொல்பவர்களும் நாமே. அதனைக் கேட்டு முகம் சுளிப்பவர்களும் நாமே. இரண்டையும் நிறுத்த எவருடைய அனுமதியும் தேவையில்லை.

என் பதில்

இவற்றையெல்லாம் சென்ற வாரம் அச்சகோதரரின் வீட்டில் அமர்ந்து சொன்னேன். அந்த நான்கு கேள்விகளையும் பிள்ளை அந்த மருத்துவமனையில் கேட்டிருந்தாள். மூன்றிற்கு நல்ல பதில் கிடைத்திருந்தது. இரவுப் பணி பற்றித் தெளிவில்லாததால் மீண்டும் கேட்டாள். முதல் மூன்று மாதம் மூத்த செவிலியருடன்தான் இரவுப் பணி என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள். தாளை எங்களிடம் காட்டினாள். சின்னத்தா அருகில் அமர்ந்து, ஒன்றும் பேசாமல் அத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இஸ்திகாரா தொழுதுட்டுச் சொல்றேன் ஹஜ்ரத்” என்றார் தந்தை. அவர் இன்னும் முடிவைச் சொல்லவில்லை. அது அவருடைய உரிமை. அவசரப்படுத்த மாட்டேன்.

ஆனால் ஹவ்ளு அருகே அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் என் மனைவியுடனும் மகளுடனும் பேசிவிட்டேன். என் மகள் செவிலியம் படித்து, மனநலப் பணிக்குச் செல்ல விரும்பினால், அந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் பெற்றுக்கொண்டு, நானே அவளைக் கூட்டிச் சென்று விட்டுவருவேன், இன்ஷா அல்லாஹ். பெண் பார்க்க வருவோரிடம் முதலில் அதனையே சொல்வேன்.

நோயுற்ற உள்ளங்களுக்கு அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. அவர்கள் அருகில் விழித்திருப்போரின் கூலியைப் பன்மடங்காக்குவானாக. அறியாமையால் நான் தாமதப்படுத்திய அந்தச் சகோதரரின் விஷயத்தில் என்னை மன்னிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.